ஜனவரியில் யார் வருகிறார்கள்?

"வெள்ளைக்காரர் தாய் தகப்பனை ஹோமில கொண்டுபோய் விட்டிட்டுப் போயிடுவினம். எங்கட ஆக்கள் அப்பிடி இல்லை."

லண்டனில் நாலு தமிழர் கூடுகிற இடத்தில் முதுமையைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வசனத்தைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. பிறந்தநாள் விழாவில் கேட்டிருக்கிறேன், அந்தியேட்டி வீட்டில் கேட்டிருக்கிறேன், கோயில் அன்னதானப் பந்தியில் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் தாயையோ தகப்பனையோ தங்களோடு வைத்துப் பார்ப்பவர்கள். அதனால்தான் அந்த வசனத்தை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நான் எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன். அது பொய் என்பது மட்டுமல்ல, வயதானவர்களை வருத்துகிற பொய் என்பது என் கட்சி.

ஹரோ பக்கத்தில் ஒரு வீடு. ஊரிலிருந்து வந்த பொதி ஒன்றைக் கொடுக்கப் போயிருந்தேன். பெப்ரவரி முதல் வாரம், பகல் பதினொரு மணி. கதவைத் திறந்த அம்மாவுக்கு எண்பது வயது இருக்கும். வீட்டுக்குள்ளும் கோட்டுப் போட்டு, அதன்மேல் சால்வை சுற்றியிருந்தார். மகனும் மருமகளும் ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், பேரப்பிள்ளைகள் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். ஹீற்றர் வேலை செய்யவில்லையா என்று கேட்டேன். "செய்யுது பிள்ளை. எனக்கு ஒருத்திக்காக முழு வீட்டையும் சூடாக்கிறதே? நான்தான் நிப்பாட்டி வைச்சிருக்கிறன்." தேநீர் போட்டுத் தந்தார். கடைசியாக எப்போது வெளியே போனீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டதற்கு, தீபாவளிக்குக் கோயிலுக்குப் போனதாகச் சொன்னார். அது நடந்து மூன்று மாதம். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் இப்பிடிச் சொன்னன் எண்டு மகனிட்டச் சொல்லிப்போடாத. தன்னைப் பிழை சொல்லுறன் எண்டு நினைப்பான்."

அந்தக் கடைசி வசனத்தை அன்றிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. தனிமையாக இருக்கிறது என்று சொல்ல அந்த அம்மாவுக்கு வாய் இல்லை. சொன்னால் அது மகன்மீது குற்றச்சாட்டு ஆகிவிடும். ஏன் ஆகிவிடும்? தனிமை என்பது பிள்ளைகள் கைவிட்டவர்களுக்கு வருவது என்று நாம் அத்தனை பேரும் சேர்ந்து முடிவுகட்டி வைத்திருக்கிறோம். அந்த முடிவின்படி, நல்ல பிள்ளையைப் பெற்றவருக்குத் தனிமை வரக்கூடாது. வந்தால் மறைக்க வேண்டும்.

கைவிடப்பட்ட வெள்ளைக்காரக் கிழவர் என்ற அந்தச் சித்திரத்தை முதலில் பார்ப்போம். அது இந்த நாட்டவர்களே ஒரு காலத்தில் நம்பிய கதை. பொதுநல அரசு வந்துவிட்டது, ஓய்வூதியமும் இலவச மருத்துவமும் வந்துவிட்டன, இனிப் பிள்ளைகள் பெற்றோரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. பீற்றர் ரவுண்சென்ட் என்ற சமூகவியலாளர் கிழக்கு லண்டனின் பெத்னல் கிறீன் பகுதியில் ஏறத்தாழ 200 முதியவர்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்துப் பேசி, 1957இல் ஒரு நூல் வெளியிட்டார். மகள் பக்கத்துத் தெருவில், மகன் அடுத்த தெருவில், பேரப்பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு பாட்டி வீட்டில் என்று அங்கே குடும்பங்கள் பின்னிக்கிடந்ததை அவர் எழுதிக் காட்டினார். இன்னொன்றையும் கண்டார். அதிகம் தனிமையை உணர்ந்தவர்கள் வெகுகாலமாகத் தனியே வாழ்ந்தவர்கள் அல்லர். அண்மையில் ஒருவரை இழந்தவர்கள். நேற்றுவரை இருந்த கணவனோ மனைவியோ உடன்பிறப்போ இன்று இல்லை என்ற வெட்டுத்தான் அவர்களை வதைத்தது. ஆட்களின் எண்ணிக்கை அதை ஆற்றவில்லை.

இதை நம் வீட்டு முதியவர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். கணவனை இழந்தபின் மகனோடு வந்து சேர்ந்த ஒரு தாய், கணவனை மட்டுமா இழந்திருக்கிறார்? வேலிக்கு மேலால் கதைத்த அயலட்டையை, சந்தையை, வாசிகசாலையை, காலையில் பூப்பறிக்கப் போன வளவை, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி மனிதர்களை இழந்திருக்கிறார். இங்கே அவர் யாரோ ஒருவருடைய அம்மா, யாரோ ஒருவருடைய அம்மம்மா. பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அந்த இழப்பை மகன் மருமகளின் அன்பால் நிரப்பிவிடலாம் என்று நினைப்பது அந்த அன்பின்மேல் தாங்க முடியாத பாரத்தை ஏற்றுவது.

இங்கே இரண்டு விசயங்களை அருகருகே வைக்க விரும்புகிறேன். இரண்டும் நம் நம்பிக்கைக்கு நேர்மாறானவை.

முதலாவது, பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வாழும் வழக்கம் ஐரோப்பாவில் தெற்கே அதிகம்: இத்தாலி, ஸ்பெயின், கிரேக்கம். வடக்கே டென்மார்க்கிலும் சுவீடனிலும் முதியவர்கள் பெரும்பாலும் தனியாகவோ துணையோடு மட்டுமோ வாழ்கிறார்கள். ஆனால் 'தனிமையாக உணர்கிறீர்களா' என்று முதியவர்களிடம் கேட்ட பல நாட்டு ஆய்வுகளில் ஆம் என்று சொன்னவர்கள் தெற்கே அதிகம், வடக்கே குறைவு. குடும்பம் ஒட்டியிருக்கும் நாட்டில் தனிமை கூட இருக்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு பெரிதோ, அவர்கள் வேலைக்குப் போன பகற்பொழுதும் அவ்வளவு நீளமாகிறது என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

இரண்டாவது, குளிர்கால மரணங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரையான நான்கு மாதங்களில் நிகழும் மரணங்கள், அதற்கு முன்னும் பின்னுமுள்ள மாதங்களின் சராசரியைவிட எவ்வளவு அதிகம் என்று கணக்கிடுவது இங்கே வழக்கம். 2017-18 குளிர்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் இந்த மேலதிக மரணங்கள் ஏறத்தாழ 50,000. இறந்தவர்களில் பெரும்பகுதி முதியவர்கள். குளிர் நாடு, என்ன செய்வது என்று கையை விரிக்கிறோம். அப்படியென்றால் பின்லாந்தில் பிணக்குவியலல்லவா இருக்க வேண்டும்? 2003இல் வெளியான, 14 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் குளிர்காலத்தில் மரணம் கூடும் விகிதம் பின்லாந்தில் 10 சதவீதம், பிரித்தானியாவில் 18 சதவீதம். மிதமான வெயில் நாடான போர்த்துக்கலில் 28 சதவீதம். பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். பின்லாந்தில் வீடு குளிரை எதிர்பார்த்துக் கட்டப்படுகிறது. இரட்டைக் கண்ணாடி யன்னலும் காற்றுப் புகாத சுவரும் அங்கே ஆடம்பரம் அல்ல. 'எங்களுக்குக் குளிர் ஒரு பிரச்சினை இல்லை' என்று நினைத்துக் கட்டிய வீடுகளில்தான் ஆட்கள் சாகிறார்கள்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆபத்து வரும் என்று ஒத்துக்கொண்டவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நமக்கு வராது என்றிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 'எங்கட ஆக்கள் அப்பிடி இல்லை' என்ற வசனம் போர்த்துக்கல் வீட்டின் யன்னல் போன்றது.

குளிர் எப்படிக் கொல்கிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் பலருடைய மனதில் தெருவில் விறைத்துக் கிடக்கும் உடல்தான் வருகிறது. அது மிக அரிது. பல மரணங்கள் வீட்டுக்குள்ளிருந்தே தொடங்குகின்றன. அறை குளிர்ந்தால் தோலுக்கடியில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தம் தடிப்பாகிறது. சில நாட்களில் மாரடைப்பு, பக்கவாதம். மூச்சுக்குழாய்த் தொற்று இன்னும் தாமதித்து வரும். வீட்டின் வெப்பம் 18 பாகைக்குக் கீழே போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹரோ வீட்டில் அந்த அம்மா சால்வையோடு இருந்த அறையில் நிச்சயம் அவ்வளவு இல்லை. மாலை ஆறு மணிக்கு மகன் வந்து ஹீற்றரைப் போடும்போது வீடு சூடாகிவிடும். மகனுக்குத் தெரிந்தது அந்தச் சூடான வீடுதான். பகலில் யாராவது கதவைத் தட்டி உள்ளே வந்திருந்தால் மட்டுமே அந்தக் குளிர் இன்னொருவர் உடம்பில் உறைத்திருக்கும்.

தனிமையின் உடல்விளைவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட்டும் அவரது குழுவினரும் 148 ஆய்வுகளை, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாக்கிப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். வலுவான சமூக உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்ற முடிவைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வின் உள்ளே நமக்கென்றே எழுதியதுபோல் இன்னொன்று இருக்கிறது. 'தனியாக வாழ்கிறாரா, ஆட்களோடு வாழ்கிறாரா' என்ற ஒற்றைக் கேள்வியை மட்டும் வைத்து அளந்தால் அந்த அனுகூலம் 19 சதவீதமாகச் சுருங்குகிறது. குடும்பம், நண்பர், அயல், சங்கம், வழிபாட்டிடம் என்று பல வட்டங்களில் கலந்திருப்பதை அளந்தால் 91 சதவீதமாக விரிகிறது. அம்மாவை வீட்டில் வைத்திருக்கிறோம் என்று நாம் பெருமைப்படுவது அந்த 19ஐப் பற்றி. மீதியை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

'வெள்ளைக்காரருக்குப் பாசமில்லை, அதனால் சங்கம் வைத்துச் சமாளிக்கிறார்கள்' என்று இதற்கும் ஒரு பதில் வரும். எனக்கு மிகவும் கோபமூட்டும் பதில் இதுதான். 1965இல் லண்டனில் ட்ரெவர் லிட்டில்டன் என்ற இளைஞர் முதியவர்களுக்காக ஒரு சிறு அமைப்பைத் தொடங்கினார். இப்போது அதன் பெயர் ரீ-எங்கேஜ். செய்தது ஒன்றே ஒன்று: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தனியே வாழும் சில முதியவர்களுக்கு யாராவது ஒருவர் வீட்டில் தேநீர் விருந்து. இதில் தேநீர் பெரிய விசயம் அல்ல. கார் ஓட்டுகிற தொண்டர்தான் பெரிய விசயம். அவர் வாசலுக்கே வருவார், கோட்டைப் போட உதவுவார், பனி உறைந்த நடைபாதையில் கையைப் பிடித்து நடத்திப்போவார், திரும்பக் கொண்டுவந்து விடுவார். அடுத்த மாதமும் அவரே வருவார். மழையானாலும் பனியானாலும் ஞாயிறு வரும் என்று அந்த முதியவருக்குத் தெரியும். அறுபது வருடமாக ஊர் பேர் தெரியாத ஆட்கள் இதைச் செய்துவருகிறார்கள். இதைப் பாசமில்லாதவர்களின் வேலை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்த அமைப்பின் உதவி தனியே வாழ்பவர்களுக்கு. நம் அம்மா தனியே வாழவில்லை, நாலு பேருள்ள வீட்டில் வாழ்கிறார். ஆகவே அந்தக் கார் அவர் வாசலுக்கு வராது. இந்த நாட்டின் ஏற்பாடுகள் அவரைக் குடும்பம் உள்ளவர் என்று கடந்துபோகின்றன, நாமும் அதையே சொல்லிக் கடந்துபோகிறோம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு 1997இல் வந்தது. 2024 ஜூலையில், குறைந்த வருமான ஓய்வூதியருக்கான பென்சன் கிரெடிட் போன்ற உதவி பெறுபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள், ஏறத்தாழ ஒரு கோடி ஓய்வூதியர் அதை இழந்தார்கள். எதிர்ப்பு எழுந்து, 2025இல் ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு மேற்படாத ஓய்வூதியர் எல்லோருக்கும் திரும்பத் தந்தார்கள். இந்தச் சண்டையெல்லாம் தேவையான சண்டைதான். ஆனாலும் பென்சன் கிரெடிட்டுக்கு உரித்துள்ள குடும்பங்களில் பெருந்தொகையானோர் அதற்கு விண்ணப்பிப்பதே இல்லை என்பது அரசே ஒத்துக்கொள்ளும் விசயம். படிவம் நீளம், கண் தெரியாது, மொழி தெரியாது, கேட்க வெட்கம். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நிரப்பிக் கொடுத்தால் தீர்ந்துவிடும். பிள்ளைகளின் ஆதரவில் விசா பெற்று வந்த பெற்றோருக்கோ அதுவும் இல்லை. 2012 ஜூலையில் இறுக்கிய விதிகளின்படி வருபவர்களை ஐந்து வருடத்துக்கு அரசின் பொது உதவி நிதியைத் தொடாமல் பார்த்துக்கொள்வேன் என்று பிள்ளை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அரசு கைகழுவிய அந்த இடத்தில் பிள்ளையைத் தவிர யாருமில்லை என்று ஆகிறது. அங்கேதான் சமூகம் நிற்க வேண்டும்.

வெளியாட்கள் வந்து பார்க்கத் தொடங்கினால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள் என்று மூத்தவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். நேர்மையான அச்சம், மதிக்கிறேன். ஆனால் பொது ஏற்பாடுகள் வலுவாக உள்ள வட ஐரோப்பிய நாடுகளைப் பார்த்தவர்கள் சொல்வது வேறு. அங்கே பிள்ளைகள் விலகிப்போகவில்லை. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது போன்ற நாளாந்தப் பாரத்தைப் பயிற்சி பெற்றவர்கள் ஏற்றபோது, பிள்ளைகள் வந்து கதைக்கவும் கூட்டிப்போகவும் நேரம் கிடைத்தது. ஒருவர் தோளில் எல்லாவற்றையும் ஏற்றினால் அந்த ஒருவர், நம் வீடுகளில் அநேகமாக மருமகள், களைத்து வெறுத்துப்போவார். களைத்த மருமகளோடு ஒரு வீட்டில் பகலெல்லாம் இருப்பதும் தனிமைதான்.

யப்பானையும் பாருங்கள். பெற்றோரைப் போற்றுவதில் நம்மைவிடக் குறைந்த நாடல்ல அது. 2024இல் அங்கே வீட்டில் தனியே இறந்துகிடந்து காவல்துறையின் கணக்கில் வந்தவர்கள் 76,020 பேர், அவர்களில் 58,000க்கும் மேற்பட்டோர் 65 வயது கடந்தவர்கள். மரியாதையால் அதைத் தடுக்க முடியவில்லை. கொஞ்சமாவது தடுத்துநிற்பது மின்செய்-இயின் என்ற, சம்பளமில்லாத அயல்நலத் தொண்டர்கள். நாடு முழுவதும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், ஆளுக்கு இத்தனை வீடு என்று பகுதி பிரித்துப் போய்ப் பார்க்கிறார்கள். இன்னார் இன்ன வீட்டுக்குப் பொறுப்பு என்று பெயர் குறித்து வைத்திருக்கிறார்கள்.

'இப்போது வட்ஸ்அப் இருக்கிறதே, தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோமே' என்கிறார்கள். 2015இல் ஜோன் லூயிஸ் கடை ஏஜ் யூகே அமைப்போடு சேர்ந்து ஒரு நத்தார் விளம்பரம் வெளியிட்டது. நிலவில் ஒரு கிழவர் தனியே இருக்கிறார். பூமியிலிருந்து ஒரு சிறுமி தொலைநோக்கியால் அவரைக் கண்டு, அவருக்கும் ஒரு தொலைநோக்கி அனுப்புகிறாள். அவர் அதில் அவளைப் பார்க்கிறார். நாடே கண்ணீர் விட்டது. எனக்கு அன்றும் அது உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. பார்வை கிடைத்தபிறகும் அவர் நிலவில்தான் இருக்கிறார். வட்ஸ்அப் நமக்கு அந்தத் தொலைநோக்கி. கனடாவிலிருக்கும் மகளின் முகம் தெரியும், ஆனால் அம்மா இருக்கிற அறையின் குளிர் மகளுக்குத் தெரியாது. அந்த விளம்பரம் நத்தாருக்கு வந்ததும் தற்செயல் அல்ல. கருணை இந்த நாட்டில் டிசம்பரில் பெருகி வழிகிறது. மரணங்கள் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் ஜனவரியில், அலங்கார விளக்குகளைக் கழற்றிய பிறகு.

நம்முடைய கூட்டுணர்வும் அப்படித்தான் காலம் பார்த்து வருகிறது. ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேரன்று தெருவைப் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஓகஸ்ட் வெயிலில் ஆயிரக்கணக்கான பேர். முதியவர்களுக்குக் கதிரை போட்டுக் கொடுத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். அன்றைக்கு அந்த ஹரோ அம்மா மாதிரி ஒருவருக்கு நூறு பேர் தெரிந்தவர்கள். 'மாமி, சுகமே' என்று கேட்காத ஆளில்லை. அந்த நூறு பேரில் ஒருவர் ஜனவரி மூன்றாம் வாரம், ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் நாளில், அதே அம்மாவின் வாசலில் நிற்க என்ன ஏற்பாடு இருக்கிறது? 'சுகமே' என்று கேட்ட மனம் நல்ல மனம்தான். அதற்கு நாளும் நேரமும் முகவரியும் குறித்துக் கொடுக்க யாருமில்லை.

ஏற்பாடு செய்யத் தெரியாத சமூகமா நாம்? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளைப் பாருங்கள். வாடகை மண்டபம், தொண்டர் ஆசிரியர்கள், தேநீர் முறை, திறப்பு யாரிடம் என்ற ஒழுங்கு. வருடக்கணக்காக, பனி கொட்டும் சனிக்கிழமைகளிலும் தவறாமல் நடக்கிறது. பிள்ளைக்குத் தமிழ் வேண்டும் என்று நினைத்தபோது 'அது தாய் தகப்பன் வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டியது' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வீட்டால் மட்டும் முடியாது என்று ஒத்துக்கொண்டு பள்ளி கட்டினோம். முதுமைக்கு மட்டும் ஏன் அந்த ஒப்புதல் வரவில்லை?

தொடங்குவதற்கு ஆட்சேர்ப்பும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனில் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொன்றிடமும் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. பெயர், முகவரி, ரெலிபோன், எந்த வருடத்து மாணவர் என்பது வரை. இராப்போசன விருந்துக்கு நுழைவுச்சீட்டு விற்க அந்தப் பட்டியலை எடுக்கிறோம். அதிலே 1965க்கு முன் பள்ளியை விட்டு வெளியேறியவர்களை மட்டும் பிரித்தெடுத்தால், இன்று எண்பதை நெருங்கிய அல்லது தாண்டிய ஒவ்வொருவரின் கதவும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய வகுப்புத் தோழர்களும் அதே தாளில் இருக்கிறார்கள். கணவர் பெயரில் மட்டும் பதிந்த வீடுகளில் மனைவியின் பெயரையும், மகன் பெயரில் பதிந்த வீடுகளில் தாயின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெயருக்குப் பக்கத்தில் இரண்டு நிரல் போடுங்கள். செவ்வாய்க்கிழமை பகலில் ரெலிபோன் எடுப்பது யார், மாதத்தில் ஒருநாள் காரில் வந்து கூட்டிப்போவது யார். பகல் பதினொரு மணிக்கு வாருங்கள், ஹீற்றர் நிப்பாட்டியிருக்கிற நேரத்துக்கு.